வீட்டில் அடிபட்டதாகச் சொல்லிவிட்டேன்

என் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. 2021 பிப்ரவரியில் மக்காச்சோளம் அடிக்கிற மிஷினில் போனது. விரல் போனதைவிட, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் சொன்ன ஒரு வரிப் பொய்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. அந்தப் பொய்யைச் சரிசெய்ய மூன்றே முக்கால் வருடம் ஆனது. இதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இடது கைக் கட்டைவிரலால் போனில் தட்டித்தான் எழுதுகிறேன், அதனால் நாலைந்து நாள் பிடித்தது. காட்டு வேலைக்கு, அதாவது விவசாயக் கூலி வேலைக்குப் போகிற பெண்கள் யாராவது படித்தால், அல்லது அவர்கள் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் படித்துச் சொன்னால் போதும்.

எங்களுக்குப் பெரம்பலூர் பக்கம். மானாவாரி பூமி. மக்காச்சோளம், பருத்தி, கொஞ்சம் தண்ணீர் உள்ள இடத்தில் சின்ன வெங்காயம். எனக்குச் சொந்தமாக நிலம் இல்லை. வீட்டுக்காரர் இறந்து அப்போது ஆறு வருடம், மகள் பதினொன்றாம் வகுப்பு. களை எடுக்க, வெங்காயம் நட, கதிர் ஒடிக்க என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவேன். எங்கள் தெருவில் ஓர் அக்காதான் ஆள் சேர்ப்பார். முந்தின நாள் ராத்திரி வந்து, "நாளைக்கு இன்னார் காட்டுக்கு, பத்துப் பேரு" என்று சொல்லிவிட்டுப் போவார். அன்றைக்கு எங்களுக்கு 300 ரூபாய், ஆண்களுக்கு 600. ஏன் பாதி என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்திருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

மக்காச்சோளம் அடிக்கும்போது வேலையைப் பிரிக்கிற முறை இது: ஆண்கள் கதிரைக் கூடையில் அள்ளி மிஷின் வாயில் கொட்டுவார்கள், மூட்டை பிடிப்பார்கள், தைத்து அடுக்குவார்கள். பெண்கள் சிதறினதைக் கூட்டிப் பெருக்குவது, சக்கையை அப்புறப்படுத்துவது, அடியில் அடைத்துக்கொள்கிற தோகையை இழுத்துவிடுவது. கேட்டால் பெண்களுக்கு லேசான வேலை என்பார்கள். ஆனால் ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் குனிந்து நிற்பது நாங்கள்தான். பெல்ட்டுக்கு மேல் தகர மூடி ஒன்று இருந்திருக்க வேண்டும். அந்த மிஷினில் அதற்கான நாலு போல்ட் ஓட்டை மட்டும் இருந்தது.

சோளத் தோகையின் சுணை உடம்பெல்லாம் அரிக்கும். அதனால் எல்லோருமே சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வோம். என்னுடையது வீட்டுக்காரரின் பழைய சட்டை. வலது கை மணிக்கட்டில் பட்டன் இல்லை. ஊசி நூல் எடுத்து ஒரு பட்டன் தைக்க எவ்வளவு நேரம் ஆகும்? இதை நான் எத்தனை ராத்திரி யோசித்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

மூன்று மணி இருக்கும். கதிர் கொட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் டீ குடிக்கப் போனார். "தங்கச்சி, கொஞ்சம் அந்தப் பக்கம் பாத்துக்க" என்றார் காட்டுக்காரர். போய் நின்றேன். ஆண் செய்கிற வேலை, கூலி என்னவோ அதே 300. தோகை அடைத்துக்கொண்டு மிஷின் முனகியது. மிஷினை ஓட்டிய டிராக்டரின் டிரைவர் நிறுத்தவில்லை. கையை விட்டு இழுத்தேன். சட்டைக் கையைப் பெல்ட் பிடித்துக்கொண்டது. வலி உடனே தெரியவில்லை. யாரோ கத்தினார்கள், அப்புறம் பார்த்தால் கத்தினது நான்தான். முதலில் கண்ணில் பட்டது சோளக் குவியல் மேல் தெறித்திருந்த ரத்தம். "ஐயோ, அவங்க தானியம் வீணாப் போச்சே" என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வரும்.

காட்டுக்காரர் நல்ல மனிதர்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். 108-க்குக் காத்திருக்காமல் தன் காரிலேயே தூக்கிக்கொண்டு ஓடினார். வழியில் இரண்டு மூன்று தடவை சொன்னார்: "ஆஸ்பத்திரியில கேட்டா வீட்டு மோட்டார் பெல்ட்டுல கை மாட்டிக்கிச்சுன்னு சொல்லும்மா. காட்டுலன்னு சொன்னா போலீஸ் கேஸாயிடும், வைத்தியம் பாக்கவே லேட் பண்ணுவாங்க. செலவை எல்லாம் அண்ணன் பாத்துக்கறேன்." துண்டில் சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு நான் தலையை ஆட்டினேன். தனியார் ஆஸ்பத்திரி. நர்ஸ் கேட்டது மூன்றே கேள்வி. பெயர், எப்படி அடிபட்டது, என்ன வேலை. இரண்டாவது கேள்விக்கு நான் பொய் சொன்னேன். மூன்றாவது கேள்விக்கு நான் வாயைத் திறப்பதற்குள் காட்டுக்காரரே "வீட்லதான் இருக்காங்க" என்றார். இல்லத்தரசி என்று எழுதிக்கொண்டார்கள். இருபது வருடமாக வெயிலில் நிற்கிறவளை ஒரு நொடியில் வீட்டுக்குள் அனுப்பிவிட்டார்கள்.

இங்கேதான் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். அடிபட்டால் எங்கே, யார் காட்டில், எந்த மிஷினில் என்று உண்மையை மட்டும் சொல்லுங்கள். போலீசுக்குத் தகவல் போனால் வைத்தியம் நிற்காது, அவசரச் சிகிச்சையை அதற்காகத் தள்ளிப்போடவும் முடியாது. அரசு ஆஸ்பத்திரி என்றால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், அதன் நகலை ஏ.ஆர். காப்பி என்பார்கள். இழப்பீட்டு வழக்கில் முதலில் கேட்கிற தாள் அதுதான். உங்களால் பேச முடியாவிட்டால் கூட வந்தவரிடம் சொல்லி, "காட்டு வேலையின்போது" என்ற வார்த்தை எழுதப்பட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கூட வருகிறவர் முதலாளியாக மட்டும் இருக்கக் கூடாது. சொந்தக்காரரோ, கூட வேலை செய்த பெண்ணோ ஒருவராவது வண்டியில் ஏற வேண்டும். என்னோடு யாரும் ஏறவில்லை, மிச்சச் சோளத்தை அடித்து முடிக்க வேண்டுமே.

ஆறு நாள் இருந்தேன். பில் 62,000 ரூபாய். காட்டுக்காரர் 25,000 கட்டினார், கட்டின ரசீதையும் அவரே எடுத்துக்கொண்டு போனார். மிச்சத்துக்கு என் இரண்டு பவுன் செயினை 50,000-க்கு அடகு வைத்தேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டுப் பெட்டியில் இருந்தது, அந்த ஆஸ்பத்திரியில் அது செல்லுமா என்று கேட்கக்கூட அன்றைக்கு மண்டை வேலை செய்யவில்லை. மருந்துக்கும் கட்டுப் பிரிக்கவும் போன செலவில் பாதிக்கு ரசீது வாங்கவில்லை. வாங்கினதில் பாதியை மளிகைச் சாமான் மடித்த காகிதத்தோடு சேர்த்து எறிந்துவிட்டேன். பின்னால் வழக்கில் என்னால் காட்ட முடிந்தது 18,400 ரூபாய்க்குத்தான்.

ஒரு மாதம் கழித்துக் காட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். கூடவே ஆள் சேர்க்கிற அக்காவும் ஊர்ப் பெரியவர் ஒருவரும். 15,000 ரூபாயும் ஒரு முத்திரைத்தாளும் கொண்டுவந்தார்கள். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் எழுதியிருந்தது. வலது கையில் கட்டு இருந்ததால் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தேன். பத்தாவது வரை படித்தவள் நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும். ரேகை வைத்தபோது வந்த வெட்கம் பணத்தை எண்ணும்போதுகூடப் போகவில்லை.

அதன்பிறகு எட்டு மாதம் வேலை இல்லை. நடுவில் கொரோனா இரண்டாவது அலை, ஊரடங்கு. கை ஆறினதும்தான் தெரிந்தது, என் வேலை முழுக்க அந்த இரண்டு விரலில்தான் இருந்திருக்கிறது என்று. வெங்காயம் நடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வெங்காயத்தைப் பிடித்து, வேர்ப் பக்கம் கீழே இருக்கிற மாதிரி கரையில் ஊன்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை ஊன்றுவோம் என்று நாங்கள் எண்ணுவதே இல்லை, கை தானாகப் போகும். இப்போது மோதிர விரலை வைத்துக் கிள்ளிப் பிடித்தால் நழுவுகிறது, தலைகீழாக விழுகிறது. களைவெட்டியைப் பிடித்தால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு இழுத்துக்கொள்கிறது. ஜாக்கெட் ஊக்குப் போட மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிடுகிற இடத்தில் எல்லாம் "நீ வேகமா நட மாட்டியே" என்று என்னை விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். பருத்தி எடுக்க மட்டும் கூப்பிடுவார்கள், அதுவும் எடைக்குக் கூலி.

கடைசியில் நூறு நாள் வேலைதான் கைகொடுத்தது. 2022-ல் கணக்குப்படி ஒரு நாளுக்கு 281 ரூபாய், அளவு பார்த்துக் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. அங்கேதான் அந்த வருடம் நவம்பரில் ஒரு சின்னப் பெண் நோட்டீஸ் கொடுக்க வந்தாள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் என்றாள். நான் நோட்டீஸை வாங்கிய விதத்தைப் பார்த்துவிட்டு, "கையில என்னக்கா?" என்று கேட்டாள். சொன்னேன். "வழக்குப் போட்டீங்களா?" "அதான் எழுதிக் கொடுத்துட்டேனேம்மா." "எப்ப அடிபட்டுச்சு?" தேதியைச் சொன்னதும் விரல் விட்டு எண்ணினாள். "இன்னும் மூணு மாசம் இருக்குக்கா. ரெண்டு வருஷம் முடிஞ்சா கஷ்டம்." எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. ஒருவேளை அன்றைக்கு நான் நூறு நாள் வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால்?

அவள் சொன்னதையும் பின்னால் வக்கீல் அம்மா சொன்னதையும் எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். 1923-லேயே வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒன்று அப்போது இருந்தது, பின்னால் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. அது கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் என்று நாம் நினைக்கிறோம். டிராக்டரோ மோட்டாரோ வைத்து ஓடுகிற இயந்திரத்தால் செய்கிற விவசாய வேலையும் அதில் உண்டு. வேலை செய்தவர் கவனக்குறைவாக இருந்தார் என்பது சாதாரணமாக அதில் தப்பிக்கிற வழி ஆகாது. குடித்துவிட்டு வந்தார், வேண்டுமென்றே பாதுகாப்பு மூடியைக் கழற்றினார் என்கிற மாதிரி இருந்தால்தான் பேச்சே. பட்டன் இல்லாத சட்டை என்று நான் இரண்டு வருடமாக என்னையே திட்டிக்கொண்டிருந்ததற்குச் சட்டத்தில் இடமே இல்லை! கதிரடிக்கிற மிஷின்களில் கை போனவர்கள் பெருகியதால் 1983-ல் ஆபத்தான இயந்திரங்களை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்களாம். அந்த நாலு போல்ட் ஓட்டை அப்போது ஞாபகம் வந்தது.

நான் ரேகை வைத்த தாளைப் பற்றிக் கேட்டபோது வக்கீல் அம்மா சிரித்தார். இழப்பீட்டை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி வாங்குகிற ஒப்பந்தம் அந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி செல்லாது. அதைவிட ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 8-ஆவது பிரிவில், பெண்ணுக்குத் தர வேண்டிய மொத்த இழப்பீட்டைக் கையில் கொடுக்கக் கூடாது, இந்த வழக்குகளை விசாரிக்கிற தொழிலாளர் துறை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும் என்றும், நேரடியாகக் கொடுத்தால் அது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது என்றும் இருந்தது. பெண்களுக்கு ஒன்றும் தெரியாது, ஏமாற்றிவிடுவார்கள் என்று நினைத்து எழுதியிருப்பார்கள் போல. எழுதினவர்கள் மேல் கொஞ்சம் கோபம்தான், ஆனால் என் விஷயத்தில் அவர்கள் நினைத்ததுதானே நடந்தது. ஆக, அந்த 15,000 கணக்கிலேயே வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கட்டின 25,000-ம் வைத்தியச் செலவு, அதையும் கழிக்க முடியாது.

வக்கீலுக்கு நான் ஒரு பைசா கொடுக்கவில்லை. பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழு அலுவலகம் எங்கே என்று கேட்டுப் போங்கள், இல்லாவிட்டால் 15100-க்குப் போன் செய்யுங்கள். இதற்கு முன்னால் ஒரு இடைத்தரகர் "வர்ற பணத்துல முப்பது சதவீதம் குடு, நான் வாங்கித் தரேன்" என்று வந்தார். தெரியாமல் இருந்திருந்தால் சரி என்றிருப்பேன்.

2023 ஜனவரியில் தொழிலாளர் துணை ஆணையர் முன்னால் மனு போட்டோம். அதன்பிறகுதான் என் பொய் முன்னால் வந்து நின்றது. காட்டுக்காரர் பதில் மனுவில் என்னைத் தெரியவே தெரியாது என்று சொல்லவில்லை, அவ்வளவு தூரம் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் என்ற முறையில் ஆஸ்பத்திரிக்கு உதவினேன், அடிபட்டது அவர் வீட்டில், அவர் இல்லத்தரசி, ஆஸ்பத்திரித் தாளில் அப்படித்தான் இருக்கிறது என்றார். அவர் வக்கீல் என் மகளின் பள்ளிச் சான்றையும் எடுத்துக் காட்டினார். அதில் தாயின் தொழில் என்ற இடத்திலும் இல்லத்தரசி. பள்ளியில் சேர்க்கும்போது அந்த டீச்சர் கேட்டதற்கு "சும்மா காட்டு வேலைதான் டீச்சர்" என்று சொன்னதும் அவர் அப்படி எழுதினதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் தாளில் இல்லத்தரசிதான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் குனிந்தே இருப்பார்கள், கேட்டால் "சும்மாதான் இருக்கேன்" என்பார்கள்.

அந்தத் தாள்களை எதிர்த்து நான்கு விஷயங்கள் எனக்குக் கைகொடுத்தன, எல்லாமே தற்செயலாக மிஞ்சினவை. முதலாவது, மின்வாரிய அட்டை. என் வீட்டில் மூன்று பல்பு, ஒரு ஃபேன், ஒரு டிவி. அப்போது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் பெரும்பாலும் பில்லே பூஜ்யம். கிணறும் இல்லை, மோட்டாரும் இல்லை. மோட்டாரே இல்லாத வீட்டில் மோட்டார் பெல்ட்டில் எப்படிக் கை மாட்டும் என்று வக்கீல் அம்மா கேட்டபோது எதிர்த்தரப்பில் பதில் இல்லை. இரண்டாவது, காட்டுக்காரர் விபத்து நடந்த பத்தாம் நாள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த குரல் பதிவு: "நம்ம காட்டுல நடந்ததுக்கு நான்தானேம்மா பொறுப்பு, பணம் ரெடி பண்ணிட்டிருக்கேன்." மகள் அதை அழிக்காமல் வைத்திருந்தாள். நான் மட்டும் இருந்திருந்தால் போன் நிறைந்துவிட்டது என்று எல்லாவற்றையும் அழித்திருப்பேன்.

மூன்றாவது, சாட்சி. அன்றைக்கு மிஷினில் எங்களோடு இருந்த பெண்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் வரவில்லை. எனக்கு அவர்கள் மேல் வருத்தம் உண்டு, ஆனால் கோபப்பட முடியவில்லை. அதே காட்டுக்காரர்தான் அவர்களுக்கும் வருடத்தில் முப்பது நாற்பது நாள் வேலை கொடுக்கிறவர், கல்யாணம் காட்சிக்கு முன்பணம் தருகிறவர். ஆள் சேர்க்கிற அக்கா, "நான் உன் பக்கம் பேசுனா நாளைக்கு இந்தத் தெருவுக்கே வேலை இல்லடி" என்றார், அது உண்மையும்கூட. வந்தது ஓர் ஆயா மட்டும். எழுபதை நெருங்குகிறவர். "எனக்கு இனிமே எவன் வேலை குடுக்கப் போறான், வா போகலாம்" என்று பஸ் ஏறினார். கூண்டில் நின்று, எந்தச் சட்டை போட்டிருந்தேன் என்பது வரைக்கும் சொன்னார்.

நான்காவதுதான் காலண்டர். கடையில் தருகிற மாதக் காலண்டரில் ஒவ்வொரு நாள் கட்டத்திலும் யார் காடு, எவ்வளவு கூலி, வாங்கியாச்சா பாக்கியா என்று எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. வீட்டுக்காரர் பால் கணக்கு அப்படித்தான் எழுதுவார். 2021 பிப்ரவரித் தாளில் அந்த நாளுக்கு முந்தின மூன்று நாளும் காட்டுக்காரரின் பெயர், 300, 300, 300, பக்கத்தில் ஒரு டிக். நான்காம் நாள் காலையில் கிளம்பும்போதே பெயரை எழுதியிருந்தேன், கூலியை எழுத சாயங்காலம் வரவில்லை. அந்தக் காலண்டர் அலமாரித் தட்டில் அடியில் விரித்துக் கிடந்தது. வக்கீல் அம்மா "ஏதாவது எழுதி வச்சிருக்கீங்களா?" என்று கேட்ட அன்றைக்கு வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாத்திரங்களை எல்லாம் இறக்கி உருவி எடுத்தேன். மஞ்சள் கறை படிந்திருந்தது, எழுத்து நன்றாகத் தெரிந்தது. நூறு நாள் வேலை அட்டையையும் சேர்த்துக் கொடுத்தோம், நான் கூலிக்குப் போகிறவள் என்று அரசாங்கமே கொடுத்த தாள் அது ஒன்றுதான்.

அதனால் எதையாவது எழுதி வையுங்கள். காலண்டரோ நோட்டோ, தினமும். புது மிஷின் வந்தால் டிராக்டர் நம்பரைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், காப்பீடு இருக்கிறதா என்று பின்னால் தேட அது வேண்டும். என் விஷயத்தில் கூலியாட்களுக்கான கூடுதல் பிரீமியம் கட்டவில்லை என்று காப்பீட்டு நிறுவனம் கழன்றுகொண்டது, மிஷின்காரர் "ஆள் என் ஆள் இல்லை" என்றார், ஆனால் யாரையும் விட்டுவிடாமல் எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தது நல்லதாயிற்று. ஒருவர் மேல் ஒருவர் கைகாட்டியதிலேயே விபத்து காட்டில்தான் நடந்தது என்பது வெளியில் வந்தது. 2021 ஆகஸ்டுக்கு அப்புறம் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவு வந்திருக்கிறது, அதில் விவசாயக் கூலி என்று தொழிலைப் போட்டுப் பதியுங்கள். உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வீட்டுக்காரர் பெயரில் இருந்து அவர் இறந்திருந்தால், உடனே தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் தாசில்தாரைப் பார்த்து உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நான் ஆறு வருடம் மாற்றாமல் விட்டதால் அந்த உதவிக்குக் கேட்கவே வாய் வரவில்லை.

மாற்றுத்திறனாளிச் சான்றில் நான் ஏமாந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் குழு போட்ட சதவீதம் 40-க்கு எட்டவில்லை, உதவித்தொகை எதுவும் கிடையாது என்றார்கள். இழப்பீடும் கிடையாது போல என்று நினைத்து ஒரு வாரம் அழுதேன். இரண்டும் வேறு. இழப்பீட்டுச் சட்டத்தில் எந்த விரலுக்கு எவ்வளவு சம்பாதிக்கும் திறன் போச்சு என்று ஓர் அட்டவணையே இருக்கிறது. ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீதம், மூன்று போனால் 30, நான்கு போனால் 50. கணக்கு இப்படி: மாதக் கூலியில் 60 சதவீதம், அதை வயதுக்குரிய ஓர் எண்ணால் பெருக்கி, அதில் இந்தச் சதவீதம். எனக்கு அப்போது 40 வயது, அதற்குரிய எண் 184.17. தினம் 300 வீதம் 26 நாளுக்கு 7,800. பெருக்கினால் 1,72,383 ரூபாய் வருகிறது. நாங்கள் இதைத் தாளில் போட்டுப் பார்த்த அன்றைக்கு மகள் ஒரு கேள்வி கேட்டாள்: "நீ ஆம்பளையா இருந்திருந்தா 600 போட்டிருப்பாங்க, அப்ப இது ரெண்டு மடங்கா வந்திருக்குமாம்மா?" அந்தச் சட்டத்தில் அப்போது மாதத்துக்கு 15,000 வரைக்கும்தான் கணக்கில் எடுத்தார்கள், 600 ரூபாய்க்காரருக்கு 15,600 வருவதால் கொஞ்சம் வெட்டிவிட்டுக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்திருக்கும். ஒரே பெல்ட், ஒரே விரல். நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன்.

மொத்தம் 17 வாய்தா. ஒவ்வொரு தடவையும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் 180 ரூபாய், அன்றைக்கு வேலையும் போச்சு. சில நாள் போய் உட்கார்ந்து தேதி மட்டும் வாங்கிக்கொண்டு வருவோம். ஊரில் பேச்சு வேறு. "காசுக்காகக் கையைக் காட்டிப் பிழைக்கறா" என்று ஒரு பெண்ணே சொன்னதைக் காதால் கேட்டேன். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், "மிஷின் வேலை பெண்கள் செய்யறதில்லையே, நீங்களா ஏன் போனீங்க?" என்று கேட்டார். "அவரு போகச் சொன்னாரு" என்றேன். "ஆஸ்பத்திரியில ஏன் பொய் சொன்னீங்க?" "அதையும் அவருதான் சொல்லச் சொன்னாரு." அறையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆனால் அந்த இரண்டு பதிலும்தான் உத்தரவில் அப்படியே எழுதப்பட்டிருந்தது.

2024 ஆகஸ்டில் உத்தரவு வந்தது. இழப்பீட்டோடு, விபத்து நடந்து ஒரு மாதத்திலிருந்து வருடத்துக்கு 12 சதவீதம் வட்டி, ரசீது இருந்த 18,400 வைத்தியச் செலவு. காட்டுக்காரர் மேல்முறையீட்டுக்குப் போவார் என்றுதான் நினைத்தோம். முதலாளி மேல்முறையீடு செய்வதென்றால் முழுத் தொகையையும் முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும், அதனால் போகவில்லை என்று நினைக்கிறேன். நவம்பரில் பணத்தைக் கட்டினார். 2 லட்சத்து 66 ஆயிரம் சொச்சம். செயினை மீட்டேன், வட்டிக்கே ஒரு நல்ல தொகை போனது. மகள் கல்லூரிக்குப் பாக்கிக் கட்டணம் கட்டினேன். மிச்சத்தில் இரண்டு ஆடு வாங்கினேன்.

என் வழக்கு பழைய சட்டத்தில் நடந்தது. 2025 நவம்பர் 21-லிருந்து தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்பாக மாற்றிவிட்டார்கள், இழப்பீட்டு விஷயம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. அதனால் நான் சொன்ன பிரிவு எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், சட்டப் பணிகள் குழுவில் கேட்டுக்கொள்ளுங்கள். நாள் கணக்கை மட்டும் மறக்காதீர்கள், அடிபட்ட வாரமே போய்க் கேட்டால் கெடு பற்றிய கவலையே இல்லை.

அந்தக் காட்டுக்காரர் இப்போதும் எதிரில் வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வார். அவர் காட்டுக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. வேறு இருவர் காட்டுக்குப் போகிறேன், கதிர் ஒடிக்க மட்டும். மிஷின் வருகிற நாளில் போவதில்லை. போன மாசியில் எங்கள் தெருப் பெண்ணுக்குக் கதிர் ஒடிக்கும்போது சோளத் தட்டை குத்திக் கால் கிழிந்துவிட்டது. ஆட்டோவில் அவளோடு நான் ஏறினேன். ஆஸ்பத்திரியில் "எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று நர்ஸ் கேட்டதும் அவள் என் முகத்தைப் பார்த்தாள். "காட்டு வேலையிலன்னு சொல்லு" என்றேன். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று அடுத்த கேள்வி. அவள் "சும்மா வீட்ல..." என்று ஆரம்பித்தாள். காலில் ஓங்கி ஒரு மிதி மிதித்தேன், நல்ல காலில்தான்.

வழக்கில் கொடுத்த காலண்டரைத் திரும்பக் கேட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் மார்ச் தாளில் வீட்டுக்காரர் திதி தேதியை வட்டம் போட்டு வைத்திருந்தேன். இன்னும் தரவில்லை.